மஞ்சள் இலைக்கு மருந்து டானிக் பாட்டிலில் இல்லை

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி: “தை மாதம் நர்சரியில் அரிக்கா பாம், மணி பிளான்ட், பீஸ் லில்லி மூன்றும் வாங்கினேன். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொன்னதால் படுக்கையறையில் வைத்தேன். மாசி கடைசியிலிருந்து இலைகள் பழுக்கின்றன, அரிக்காவின் நுனி கருகுகிறது. வெயில் ஏறிவிட்டதே என்று தினமும் தண்ணீர் விடுகிறேன், ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைத்தான். மூன்றுக்கும் மண் மாற்றி டானிக் ஊற்ற நர்சரிக்காரர் 2,400 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவுங்கள். தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து வெளியே எடுங்கள். கீழ்ப்பாதியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. முகர்ந்தும் பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. பங்குனி வெயில் மொட்டைமாடிச் செடிக்குத்தான். ஏசி ஓடும் மங்கலான அறையில் செடி குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. தினமும் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும். இலை பழுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, மூன்றையும் படுக்கையறையிலிருந்து ஹாலில் கிழக்கு ஜன்னல் பக்கம் கொண்டுவருவது. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு, 1989ல் நாசா மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. வீடு மூடிய பெட்டி அல்ல. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் அளவுக்குச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019ல் வெளியான மறுஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. மூன்று தொட்டியை நம்பி இருட்டு மூலையில் செடியை வாடவிட வேண்டாம்.

நுனி கருகுவதற்குக் காரணம் வேறு, அந்த ஆர்ஓ கழிவுநீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் செறிந்து நிற்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கழிவுநீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காய்ந்ததும் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுதும் வடியவிடுங்கள். உப்பு கழுவிக்கொண்டு போகும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புது இலை நன்றாக வரும்.

இங்கே ஈர்க்குச்சிச் சோதனைக்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், பலர் ஏமாறும் இடம் இது. சென்னை நர்சரிகளுக்கு ஏராளமான செடிகள் ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. வேரைச் சுற்றி இருப்பது கோதாவரிக் கரையின் களிமண். நர்சரியில் அந்த உருண்டையைப் பிரிக்காமல் அப்படியே தொட்டியில் இறக்கி, சுற்றிலும் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிவிடுவார்கள். ஊற்றும் தண்ணீர் பஞ்சு போன்ற பகுதி வழியாக ஓடிவிடும், நடுவில் களி கல்லாக இறுகிக் கிடக்கும். ஓரத்தில் செருகிய குச்சி ஈரமாக வரும், செடியோ தாகத்தில் வாடும். அதனால் குச்சியைத் தண்டுக்குப் பக்கத்திலும் செருகிப் பாருங்கள். இறங்கவே மறுத்தாலோ, இறங்கியும் காய்ந்து வந்தாலோ, அந்தத் தொட்டியை மட்டும் அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு செடியை வெளியே எடுத்து, உருண்டையின் வெளிப்புறக் களியை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். சில சமயம் வேரைச் சுற்றி நைலான் வலையோ சிறு பிளாஸ்டிக் கூடையோ அப்படியே இருக்கும், அதையும் வெட்டி எடுங்கள். வேம்பு துளிர்க்கும் இந்தப் பருவத்தில் வேர் சீக்கிரம் தேறிக்கொள்ளும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசாமல் சேர்க்காதீர்கள், அதிலும் உப்பு உண்டு. நடுவும் ஓரமும் ஒரே மாதிரி ஈரமாக இருக்கும் செடியை மண் மாற்றித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இனி அந்த டானிக். செடியை விற்றவரே வைத்தியராகவும் வந்து நிற்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு ஆறாத கோபம். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985லேயே வந்தது. இந்த மாதிரி வளர்ச்சி ஊக்கிகளையும் 2021ல் அதற்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். ஆனால் ரோட்டோரக் கடையில் தண்ணீர் பாட்டிலில் பச்சைத் திரவத்தை ஊற்றி விற்பவரிடம் யார் போய்க் கேட்கிறார்கள்? வயலுக்குப் போகும் மூட்டையைச் சோதிக்கவே ஆள் பற்றாத நாட்டில், வீட்டுத் தொட்டிக்கு வரும் பாட்டிலை எவரும் சீண்டுவதில்லை. பணம் போவது உங்களுக்குத்தான். லேபிள் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

புதுக் குருத்து விரியும்வரை எந்த உரமும் வேண்டாம். அழுகிய வேருக்கு உரம் போட்டால் இன்னும் கெடும். விரிந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, லேபிள் ஒட்டிய 19:19:19 உரப் பாக்கெட்டில் லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈர மண்ணில் ஊற்றுங்கள்.

அரிக்காவின் மஞ்சள் மட்டைகளை அசிங்கமாக இருக்கிறதே என்று இப்போதே வெட்டிவிடாதீர்கள். அதிலிருக்கும் பொட்டாசியத்தைச் செடி புதுக் குருத்துக்கு இழுத்துக்கொள்ளும். முழுதும் காய்ந்து பழுப்பான பிறகு அடியோடு நறுக்குங்கள்.