பெங்களூரா, சேலமா? வரியை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 38, ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மாதம் 32,000. சேலத்தில் அதே வேலைக்கு 20,000 கிடைத்தால் பெரிது என்கிறார்கள். மகன் நான்காம் வகுப்பு. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 1.68 லட்சம், சேலத்தில் 84,000. இங்கே வாடகையும் பராமரிப்புமாக 37,500 போகிறது. சேலம் அழகாபுரத்தில் இதே அளவு வீட்டுக்கு 16,000 கேட்கிறார்கள். அப்பா, அம்மா கன்னங்குறிச்சியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்திலேயே அப்பா பெயரில் 4 சென்ட் காலி மனை. அதில் வீடு கட்ட 40 லட்சம் ஆகுமாம். 10% சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தால் சேலத்திலிருந்தே வேலை செய்யலாம், மாதம் நான்கு நாள் வந்தால் போதும் என்கிறார் மேலாளர். இங்கேயே 95 லட்சத்தில் ஃபிளாட் வாங்கிவிடலாம் என்பது மனைவியின் யோசனை. சேமிப்பு 22 லட்சம். கர்நாடகாவில் வரி அதிகம், தமிழ்நாடுதான் லாபம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? ஏற்காட்டில் 10 சென்ட் மனை வருகிறது, வாங்கிப் போடலாமா?

பதில்: நண்பர்கள் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாறிவிடாது. மாநிலம் சார்ந்தது தொழில் வரி. கர்நாடகாவில் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300, ஆக 2,500 ரூபாய். தமிழ்நாட்டில் அதை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. உச்சபட்சம் 1,250 வீதம் அதுவும் 2,500தான். அரசியலமைப்பின் 276-வது பிரிவே அதற்கு மேல் வாங்க விடாது. கார் வாங்கினால்? 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி தமிழ்நாட்டில் 13%, கர்நாடகாவில் 14%. 10 முதல் 20 லட்சம் வரை என்றால் தமிழ்நாட்டில் 18%, கர்நாடகாவில் 17%. இதற்காக யாரும் ஊர் மாற வேண்டாம்.

மின்சாரத்தில் உங்களுக்கு நஷ்டம்கூட வரலாம். இப்போது கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் உங்களுக்குப் பில் பூஜ்யமாக வந்துகொண்டிருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது உண்டு. சேலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அவ்வளவுதான். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான மலிவு விலையும் பறிபோய்விடும். பெங்களூரில் மின்விசிறியோடு கோடையை ஓட்டிய குடும்பம் சேலத்தில் ஏப்ரல் மாதத்தை ஏ.சி. இல்லாமல் கடக்காது. அந்த இரண்டு மாத பில் ஒன்றை நீங்கள் முகம் சுளித்துத்தான் கட்டுவீர்கள்.

சரி, பெரிய கணக்குக்கு வருவோம். 10% குறைப்பு என்றால் ஆண்டுக்கு 1.8 லட்சம். ஆனால் அது முழுவதும் உங்கள் கையிலிருந்து போவதில்லை. புதிய வரி முறையில் 18 லட்சத்துக்கு, 75,000 நிலையான கழிவு போக, செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய் வரி. சம்பளம் 16.2 லட்சமானால் வரி 1,16,220. ஆக, நிகர இழப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 1.45 லட்சம், மாதத்துக்கு 12,100. மனைவியின் சம்பளத்தில் 12,000 குறைகிறது. அவருக்கு எப்படியும் வரி கிடையாது, அதனால் அது முழு இழப்பு. இரண்டும் சேர்த்து மாதம் 24,100.

மிச்சம் எவ்வளவு? வீட்டு வாடகையில் 21,500, பள்ளிக் கட்டணத்தில் 7,000. மொத்தம் 28,500. அதாவது சேலம் மாதம் 4,400 ரூபாய் முன்னால் நிற்கிறது. மாதம் நான்கு நாள் பெங்களூரு போய்த் தங்க 8,000 வைத்தால் அதுவும் போய்ச் சேலம் பின்தங்கிவிடும். இப்போது பெற்றோரைப் பார்க்க நீங்கள் காரில் சேலம் வந்து போகும் செலவைக் கழித்தால் மறுபடி சமமாகும். பணக் கணக்கில் இது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. 'சேலம் மலிவு' என்பது பெங்களூரு சம்பளத்தை அப்படியே கொண்டுவருபவருக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு அது பாதிதான் பொருந்துகிறது.

வித்தியாசம் வருவது வீடு வாங்கும்போதுதான். மனைவி சொல்லும் 95 லட்ச ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80% வரையும், 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 75% வரையும்தான் வங்கி தரலாம். இங்கே அந்தக் கணக்கில் அதிகபட்சம் 75 லட்சம் வருகிறது. மீதி 20 லட்சம் உங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் கர்நாடக முத்திரைத் தீர்வை 5%, அதன் மீது செஸ், கூடுதல் வரி சேர்த்து 5.6%. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 1%-லிருந்து 2% ஆகிவிட்டது. ஆக 7.6%, ஏறத்தாழ 7.2 லட்சம். கட்டுமானம் முடியாத ஃபிளாட் என்றால் 5% ஜி.எஸ்.டி. தனி. ஜி.எஸ்.டி. இல்லாமலே 27 லட்சம் ரொக்கம் வேண்டும்; உங்களிடம் இருப்பது 22. அந்த 5 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்புறம் தவணை: 8% வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் 62,700. இப்போதைய வாடகையைவிட 25,000 அதிகம்.

'வட்டிக்கு வரிச் சலுகை உண்டே' என்பீர்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. பழைய முறைக்குப் போய் 2 லட்சம் வட்டி, 1.5 லட்சம் சேமிப்பு, 50,000 நிலையான கழிவு எல்லாம் காட்டினாலும் வரி 2.4 லட்சத்துக்கு மேல் வரும். சலுகையை நம்பி வீடு வாங்கும் காலம் உங்கள் வருமானத்துக்கு முடிந்துவிட்டது.

சேலத்தில் மனை வாங்குவதாக இருந்தால் தமிழ்நாட்டின் விகிதம் கர்நாடகாவைவிட அதிகம்: 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம், ஆக 9%. ஆனால் நீங்கள் வாங்கப் போவதில்லையே! அப்பா உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதினால் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. மனை எவ்வளவு மதிப்பானாலும் 50,000 ரூபாயோடு முடிந்தது. உங்கள் கேள்வி முழுவதிலும் இதைவிடப் பெரிய சேமிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்று கேட்க வேண்டும்: அந்த மனை அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதா, தாத்தா வழி வந்ததா? சொந்தமாக வாங்கியது என்றால் அவர் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களுக்கும் சம உரிமை. தமிழ்நாடு இதை 1989-லேயே சட்டமாக்கிவிட்டது, மத்தியச் சட்டம் 2005-ல்தான் வந்தது. உடன்பிறந்தவர்கள் பற்றி நீங்கள் எழுதவில்லை. தங்கையோ அக்காவோ இருந்தால், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் உட்கார்ந்து பேசி, அவர் பங்குக்கு என்ன என்பதை முடிவு செய்து பத்திரத்தில் கொண்டுவாருங்கள். வீடு எழும்பிய பிறகு பேசுகிற பேச்சு எப்போதும் கோர்ட் வாசலில்தான் நிற்கிறது. பத்திரம் முடிந்ததும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வங்கி முதலில் கேட்பது அதைத்தான். 40 லட்சத்தில் 10 லட்சம் உங்கள் பணம், 30 லட்சம் கடன் என்றால் தவணை 25,100. சேமிப்பில் 12 லட்சம் மிஞ்சும்.

அப்படியானால் உடனே கட்டிவிடலாமா? வேண்டாம். உங்கள் திட்டம் முழுவதும் ஒரு மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னதன் மேல் நிற்கிறது. நாளை அவர் மாறினால், நிறுவனம் எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்தால்? பெங்களூரில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு நிறுவனம். சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, 2024-ல் கருப்பூர்ப் பக்கம் டைடல் நியோ பூங்காவும் வந்துவிட்டது. இருந்தாலும் 18 லட்சம் சம்பளத்துக்கு அங்கே வரிசையாக வேலை காத்திருக்கவில்லை. இதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள உண்மையான விலை வித்தியாசம். அதை எந்த வரி அட்டவணையிலும் பார்க்க முடியாது.

அதனால் என் யோசனை: வருகிற ஜூனில் சேலம் போங்கள், ஆனால் வாடகைக்கு. வேலை செய்யும் இடம் சேலம் என்பதை மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பெங்களூரிலேயே வாடகையில் இருங்கள், ஃபிளாட்டையும் மறந்துவிடுங்கள். போனால், 22 லட்சத்தைத் தொடாமல் வங்கி வைப்பில் போட்டு ஓர் ஆண்டு ஓட்டிப் பாருங்கள். கர்நாடகப் பதிவு எண்ணோடு இருக்கும் காரை மறுபதிவு செய்யவும் சட்டம் 12 மாதம் அவகாசம் தருகிறது. சேலத்திலேயே தங்குவது உறுதியானால், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, கர்நாடகாவில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஓர் ஆண்டு என்று சொல்வதற்கு மகனும் ஒரு காரணம். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தால் மருத்துவக் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்று தேடி அலைய வேண்டாம். பொறியியலுக்கு 8 முதல் 12 வரை போதும். கர்நாடகாவிலோ பொதுவாக ஏழு ஆண்டு அங்கே படித்திருக்க வேண்டும். இரண்டிலும் கால் வைத்து எட்டாம் வகுப்பில் ஊர் மாறுவதுதான் மோசம். அரசு இடத்துக்கும் நிர்வாக இடத்துக்கும் உள்ள கட்டண வித்தியாசம் உங்கள் வீட்டுக் கடனையே விழுங்கும். ஐந்தாம் வகுப்பை சேலத்தில் படிக்கட்டும், ஆறாம் வகுப்புக்கு முன் முடிவெடுங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தெரியாவிட்டால் இப்போதே ஆரம்பியுங்கள்.

வாழ்க்கைத் தரம் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது! 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பெங்களூருக்கும் மேட்டூர் தண்ணீர் குடிக்கும் சேலத்துக்கும் காவிரி ஒன்றுதான். சில்க் போர்டு நெரிசல் இல்லாத மாலைகள், பெற்றோர் பக்கத்தில் இருப்பது, தட்டுவடை செட், இதெல்லாம் வரவுப் பக்கத்தில் எழுதும் தொகை அல்ல. வெயிலும், மாதாமாதம் தொப்பூர் கணவாயை ராத்திரி பஸ்ஸில் கடப்பதும் எதிர்ப்பக்கத்தில். வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. முடிந்தவரை ரயிலையே பழகிக்கொள்ளுங்கள்.

ஏற்காடு மனை வேண்டாம். மலைப்பகுதியில் கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி வேண்டும். விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைப்பது கடினம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பார்க்க ஆசையாக இருந்தால் ஞாயிறு தவிர வேறு நாளில் போய் வாருங்கள், செலவு பெட்ரோல்தான்.

கடைசியாக, மனைவிக்கு ஒரு வேலை. பள்ளிகள் ஆசிரியர்களை எடுப்பது மார்ச், ஏப்ரலில். இப்போதே சேலத்தில் நான்கைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவருக்கு 20,000-க்குப் பதில் 26,000 கிடைத்தால் மேலே போட்ட சமன் சேலம் பக்கம் சாய்ந்துவிடும். ஊதியம் 15,000தான் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போடுவோம்.