திடீர் பயம்: பதற்றமா, வலிப்பா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. சில மாதங்களாக, வாரத்துக்கு இரண்டு தடவையாவது காரணமே இல்லாமல் பயம் வருகிறது. "அடிவயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுது" என்பார். அப்புறம் கூப்பிட்டால் பதில் இருக்காது. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பதற்ற நோய் என்று குளோனசிபாம் மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்தது. இஇஜி (மூளையின் மின்பதிவு) நார்மல். தெரிந்தவர் ஒருவர், "அமிக்டலா ஓவரா வேலை செய்யுது" என்கிறார். அடுத்து என்ன செய்வது? – வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பதற்றத் தாக்குதலைவிட, மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் கிளம்பும் டெம்போரல் லோப் வலிப்புக்குத்தான் அதிகம் பொருந்துகின்றன. நேரில் பரிசோதிக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வலிப்பு என்றாலே கைகால் வெட்டி, நுரை தள்ள வேண்டும் என்பதில்லை.

அமிக்டலா நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம், மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு பகுதி. கண்ணும் காதும் கொண்டுவரும் தகவலில் ஆபத்து இருப்பதாகப் பட்டால், உடலின் தானியங்கி வேலைகளை நடத்தும் ஹைப்போதலாமஸையும் மூளைத்தண்டையும் தூண்டி இதயத்துடிப்பை ஏற்றும், வியர்க்க வைக்கும். பதற்றத் தாக்குதலில் இந்த அபாய மணி தேவையில்லாமல் அடிக்கிறது. வலிப்பிலோ, அமிக்டலாவிலோ அதன் அருகிலோ கிளம்பும் மின்பாய்ச்சல் அதே மணியை அடித்துவிடுகிறது. அதனால்தான் "பயமாக இருந்ததா?" என்று நோயாளியைக் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டுவது கடிகாரமும் பக்கத்தில் இருப்பவரின் கண்ணும்தான். பதற்றத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, பெரும்பாலும் பத்து முதல் முப்பது நிமிடம் நீடிக்கும். முழுவதும் நினைவு இருக்கும். "செத்துடுவேனோ" என்று பேசவும் செய்வார். இந்த வகை வலிப்பு பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் அதே வரிசையில் வரும். வயிற்றிலிருந்து ஏதோ எழும்புவது, இல்லாத வாடை அடிப்பது, இது ஏற்கெனவே நடந்ததுபோல் தோன்றுவது ஆகியவை தொடக்கக் குறிகள். முடிந்த பின் சில நிமிடம் திருதிருவென்று விழிப்பார். நடுவில் நடந்தது நினைவிருக்காது. தூக்கத்திலும் வருகிறதா என்று கவனியுங்கள்.

குளோனசிபாமில் குறைந்ததால் பதற்றம்தான் என்று முடிவு கட்டக் கூடாது. அது வலிப்பையும் அடக்கும் மருந்து. அதே காரணத்தால் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் பெரிய வலிப்பே வந்துவிடலாம்.

இஇஜி நார்மல் என்பதும் வலிப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முதல் இஇஜியில் மாற்றம் தெரியாத வலிப்பு நோயாளிகள் ஏராளம். அமிக்டலா இருக்கும் ஆழத்திலிருந்து கிளம்பும் சிறு மின்பாய்ச்சல், தலைத்தோலில் ஒட்டும் வயருக்கு எட்டாமலே போகலாம். தூக்கத்தைக் குறைத்து, தூங்கும்போதும் பதிவு செய்யும் இஇஜியைக் கேளுங்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் போக வேண்டும். எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை விட வேண்டாம்.

சிடி ஸ்கேன் மட்டும் போதாது. வலிப்புக்கான எபிலெப்ஸி புரோட்டோகால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா கருவி கிடைத்தால் நல்லது. டெம்போரல் லோபை மெல்லிய துண்டுகளாகப் பார்த்தால்தான் நினைவுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸின் சுருக்கம், அமிக்டலா வீக்கம், நம் நாட்டில் அடிக்கடி காணும் நாடாப்புழு முட்டையால் வரும் கட்டி ஆகியவை தப்பாமல் தெரியும். சர்க்கரை, சோடியம், தைராய்டு, ஈசிஜி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள்: சில வாரங்களில் மறதி வேகமாகக் கூடுவது, முகமும் கையும் ஒரே பக்கம் நொடி நேரம் வெட்டி இழுப்பது, ரத்தத்தில் சோடியம் குறைவது. இவை அமிக்டலாவையும் ஹிப்போகேம்பஸையும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் எல்ஜிஐ1 (ஒரு மூளைப் புரதத்தின் பெயர்) மூளை அழற்சியின் அடையாளமாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. இதை மனநோய் என்று நினைத்து நாள் கடத்துவது வேதனையான விஷயம்.

"அமிக்டலா ஓவர்" என்பது நோயின் பெயர் அல்ல. இரண்டு அமிக்டலாவும் சிதைந்து, பாம்பையும் சிலந்தியையும் கண்டு அஞ்சாத ஒரு பெண்ணுக்குக்கூட, 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதி வந்ததை ஆய்வாளர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். பயத்தின் மொத்தக் கணக்கையும் ஓர் உறுப்பின் தலையில் கட்ட முடியாது.

அடுத்த தடவை வரும்போது ஃபோனில் வீடியோ எடுங்கள்: முகம், இரண்டு கைகள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்கிறார், தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது. ஸ்கேன் படத்தைவிட மருத்துவருக்கு இதுவே அதிகம் உதவும். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். பிடித்து அழுத்தவும் வேண்டாம். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 108.

முடிவு தெரியும்வரை பைக் சாவியை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, மொட்டை மாடி, கிணற்றடி ஆகிய இடங்களில் தனியாக வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் சாத்தினால் போதும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இரண்டிலும் நரம்பியல் துறை உண்டு. பழைய சீட்டுகள், மாத்திரை அட்டை, வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு, நடந்ததை நேரில் பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் உள்ளே போய்ச் சொல்லுங்கள். பதற்றம்தான் என்று தெளிவானால், அதற்கான உளவியல் சிகிச்சையும் மருந்தும் நன்றாகவே வேலை செய்யும். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.