லோகோவில் உள்ள எழுத்துக்குப் பணம் கேட்கிறார்கள், கட்ட வேண்டுமா?

கேள்வி: கரூரில் மரச்செக்கு எண்ணெய் கடை நடத்துகிறேன். பக்கத்து டிடிபி கடையில் 3,000 ரூபாய்க்கு லோகோ செய்து வாங்கினேன். லோகோவில் உள்ள ஆங்கில எழுத்து தங்கள் ஃபான்ட் (எழுத்துரு) என்றும், லைசென்ஸ் வாங்காததால் பணம் கட்ட வேண்டும் என்றும் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. டிசைனரோ, "நெட்டுல ஃப்ரீயா கிடைச்சதுதான் அக்கா" என்கிறார். பணம் கட்ட வேண்டுமா? மாற்றுவதென்றால் அதிகச் செலவில்லாமல் நல்ல எழுத்து கிடைக்குமா?

பதில்: சகோதரி, பதறிப்போய்ப் பணம் அனுப்பிவிடாதீர்கள். பதில் போடாமலும் இருந்துவிடாதீர்கள். எந்த ஃபான்ட், அது அவர்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், லைசென்ஸ் விதி என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள். டிசைனர் இறக்கிய ஜிப் கோப்பையும் திறந்து பாருங்கள். உள்ளே சின்னதாக ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். 'பர்சனல் யூஸ் மட்டும்' என்று அதில் எழுதியிருந்தால், வீட்டு விசேஷப் பத்திரிகைக்குப் போடலாம், வியாபாரத்துக்குப் போடக்கூடாது என்று அர்த்தம். டிசைனர் சொல்லும் 'ஃப்ரீ' பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எழுத்தின் வடிவம் வேறு, ஃபான்ட் கோப்பு வேறு. எழுத்துரு வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிவு செய்ய 2002-ல் நம் பதிப்புரிமை வாரியம் மறுத்துவிட்டது. ஆனால் கணினியில் நிறுவும் கோப்பை மென்பொருள் என்று சொல்லி வழக்காடலாம். உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தக் கோப்பை நிறுவியது டிசைனர். உங்கள் கையில் இருப்பது வெறும் படம்தான், அதனால் உங்கள் மீது இந்தக் குற்றச்சாட்டு நிற்பது கடினம். சிவில் வழக்கிலும், விவரம் தெரியாமல் செய்தவருக்கு 55-ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. அவர்கள் ஆதாரம் காட்டி, கேட்கும் தொகையும் நியாயமாக இருந்தால், வணிக லைசென்ஸ் வாங்கி முடிப்பதே நல்லது. இதுவரை பயன்படுத்தியதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்று கடிதம் வாங்காமல் மட்டும் பணம் கட்டாதீர்கள்.

மாற்றுவதாக முடிவு செய்தால், ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த எழுத்துருவாகப் பாருங்கள். ஃபான்ட்டைத் தனியாக விற்கக்கூடாது என்பதுதான் அதன் முக்கியமான நிபந்தனை. லோகோவுக்கும் லேபிளுக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், பாலு தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இந்த வகைதான். கைதேர்ந்தவர்கள் செய்தவை, தரத்தில் குறை சொல்ல முடியாது. இறக்கும்போது லைசென்ஸ் கோப்பையும் சேர்த்து எடுத்துவையுங்கள். டிடிபி கடைகளில் பென் டிரைவ் வழியாகக் கைமாறிய பழைய தமிழ் ஃபான்ட் வேண்டவே வேண்டாம். யாருடையது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், 'எண்ணெய்' என்ற சொல்லை 100 மில்லி பாட்டில் லேபிள் அளவில் அச்சடித்துப் பாருங்கள். தடித்த எழுத்தாக இருந்தால் 'ண'வின் சுழிகள் மை கட்டி அடைத்துக்கொள்ளும், 'ன' மாதிரி தெரியும். திரையில் பெரிதாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் பெரிய கவலை. காசு கொடுத்துவிட்டதாலேயே லோகோ உங்களுடையது ஆகிவிடாது. வெளியாள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, அவர் எழுதிக் கொடுக்கும்வரை அவரிடமேதான் இருக்கும். 19-ஆம் பிரிவுப்படி அவர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் தேவை. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்று எழுதி வாங்குங்கள். பயன்படுத்திய ஃபான்ட்டின் பெயரும், அதற்கு முறையான லைசென்ஸ் உண்டு என்ற உறுதியும் அதிலேயே வரட்டும்.

டிரேட்மார்க்குக்கு முதலில் கடைப் பெயரை மட்டும் சொல்லாகப் பதியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் கட்டணம். பெயர் சொல்லாகப் பதிவாகிவிட்டால் நாளைக்கு எந்த ஃபான்ட்டுக்கு மாறினாலும் அந்தப் பதிவு செல்லும். லோகோவை ஆவணம் கைக்கு வந்தபிறகு தனியாகப் பதியலாம். அதுவரை புது லேபிள் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.