ஒரே செடியில் வெள்ளையும் மஞ்சளும்

கேள்வி: அரை ஏக்கரில் வெள்ளைச் சாமந்தி வைத்திருக்கிறோம். ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாகப் பூக்கிறது. அந்தக் கிளையிலேயே ஒரு பூ பாதி வெள்ளை, பாதி மஞ்சள். நாற்றுக்காரர் கலந்து கொடுத்துவிட்டார் என்கிறார் மாமனார். போன மாதம் அடித்த மருந்துதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். நோயாக இருந்தால் பரவிவிடுமே, பிடுங்கிப் போடட்டுமா?
– ஒரு வாசகி, ராயக்கோட்டை

பதில்: பிடுங்காதீர்கள். முதலில் அந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். பூ பறிக்க வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நாற்று மாறியிருந்தால் தூரிலிருந்து நுனிவரை மஞ்சளாகத்தானே பூத்திருக்கும்? ஒரு கிளை மட்டும் எப்படி மாறும்? அதனால் மாமனார் நாற்றுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இலை சுருண்டு, பூ பச்சையடித்து, செடி குட்டையாகிப் போனால்தான் நோய் என்று சந்தேகப்பட வேண்டும். மருந்தையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மருந்தே படாத சாமந்தியிலும் இது நடக்கும். நிறம் மாறிய கிளை விடுவதில் சாமந்தி பேர்போன செடி.

கிளை வளரும்போது செல்கள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் மரபணு முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். பத்திரத்தை நகல் எழுதுகிறவர் சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால், அந்த நகலைப் பார்த்து எழுதும் பத்திரங்கள் எல்லாம் அதே தப்போடுதான் வரும். உங்கள் செடியிலும் ஒரு மொட்டின் நுனியில் இருந்த ஒரு செல்லில் இப்படி ஒரு பிழை விழுந்திருக்கிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் சடுதிமாற்றம் என்கிறார்கள். அந்தச் செல்லின் வாரிசுகள் கட்டிய கிளை மஞ்சள். பாதிப் பூவில் அவை ஒரு பக்கத்தை மட்டும் பிடித்திருக்கின்றன.

சரி, பிழையால் நிறம் போகும், வருமா? இங்கேதான் வேடிக்கை. வெள்ளைச் சாமந்தி மஞ்சள் தயாரிக்கத் தெரியாத செடி இல்லை. கேரட்டில் இருக்கும் கரோட்டினாய்டு வகை நிறமியை அதன் இதழும் தயாரிக்கிறது. தயாரித்த கையோடு ஒரு நொதி அதை உடைத்துப் போட்டுவிடுகிறது. 2006இல் ஜப்பான் விஞ்ஞானிகள் அந்த நொதிக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது கெட்டாலோ காணாமல் போனாலோ நிறமியை உடைக்க ஆளில்லை. மஞ்சள் அப்படியே தங்கிவிடுகிறது. லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் காமா கதிர் பாய்ச்சி, வேண்டுமென்றே இப்படிப்பட்ட பிழைகளை வரவழைத்துப் புதுச் சாமந்தி ரகங்கள் எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது சும்மா வந்திருக்கிறது.

இனி கவனம். பூ ஓய்ந்ததும் வழக்கம்போல அடியிலிருந்து வரும் வேர்க்கன்றைப் பிரித்து நட்டால், பெரும்பாலும் வெள்ளைதான் கிடைக்கும். பிழை நடந்தது மேலே. தூருக்கும் வேருக்கும் அது தெரியாது. விதையும் வேண்டாம், தாயைப் போலப் பூக்காது. நூல் கட்டிய கிளையிலிருந்து மட்டும் விரல் நீளத்துக்கு நுனிக் குச்சிகளை வெட்டி, மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ ஊன்றி நிழலில் வேர் பிடிக்க விடுங்கள். பாதிப் பூ பூத்த சிம்பைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இரண்டு வகைச் செல்லும் கலந்திருக்கும். முழு மஞ்சள் கிளையிலும்கூட வெளித்தோல் ஒரு மாதிரி, உள்ளே இன்னொரு மாதிரி இருக்கலாம். அதனால் அடுத்த பூப்பில் வெள்ளைக்குத் திரும்பும் செடிகளைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

பணம் கொட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்துச் சந்தையில் மஞ்சளுக்குப் பஞ்சமா என்ன? ஆனால் நிறம் தவிர மற்றதெல்லாம் அநேகமாக உங்கள் வெள்ளையைப் போலவே இருக்கும். பூக்கும் நாளும் ஒன்றாகவே வரும் என்பதால், பத்துச் செடியாவது தேறினால் ஆயுத பூஜைக்கு இரண்டு நிறத்தையும் ஒரே நாளில் பறிக்கலாம்.