கோரை இழுத்தால் போகாது

கேள்வி: ஐயா, வீட்டு முன்னால் செம்மண் லோடு இறக்கிக் கொரியன் புல் பதித்தோம். புல் வேர் பிடிப்பதற்குள் கோரை முந்திக்கொண்டது. ஆள் வைத்துப் பிடுங்கினாலும் ஒரே வாரத்தில் மறுபடி முளைக்கிறது. கல் உப்பு போட்டால் போய்விடும் என்கிறார்களே, போடலாமா?
- வாசகி, கோவை

பதில்: உப்பை மட்டும் கொட்டிவிடாதீர்கள், அம்மா. மண்தான் கெடும், அடியில் இருக்கும் கிழங்கு தப்பித்துக்கொள்ளும்.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், அருகம்புல் என்றால் உருண்டையாக இருக்கும். கோரைதான் என்றால் ஒரு கொத்தைச் சுற்றி அரை அடி ஆழத்துக்குக் குத்துக்கோலால் மண்ணைப் பெயர்த்துப் பாருங்கள். வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையுமாகக் கெட்டியான கிழங்குகள், ஒன்றிலிருந்து ஒன்று நூல் போன்ற தண்டால் கோத்துக்கொண்டு கிடக்கும், கிள்ளி முகர்ந்தால் குளியல் பொடி வாசம் வரும். மேலே இழுக்கும்போது இலை மட்டும் கையோடு வந்துவிடுகிறது. கிழங்குச் சங்கிலி அறுந்தால் இன்னும் மோசம், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைவிடும். பிடுங்கியபின் உங்களுக்கு அதிகமாகத் தெரிவது அதனால்தான். அநேகமாக அந்தச் செம்மண்ணோடுதான் இது வந்திருக்கும், அடுத்த முறை லோடு இறக்கும்போது மண்ணை அள்ளிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முளைத்து மூன்று வாரம் ஆனாலே கோரை புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும், அதனால் 2 வாரத்துக்கு ஒருமுறை, ஈரம் இருக்கும்போது, கிழங்கோடு தோண்டி எடுங்கள். கிழங்கு சிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் அதன் கையிருப்பு குறையும். நடுவில் ஒரு மாதம் விட்டீர்களோ, பட்ட பாடெல்லாம் வீண். எடுத்ததை எருக்குழியில் போடாமல் சிமென்ட் தரையில் நல்ல வெயிலில் சுக்காகக் காய விடுங்கள். இன்னொன்று, கோரைக்கு நிழல் ஆகாது. புல்லை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயர்த்தி வெட்டி, அடர்த்தியாக வளர விட்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். கறுப்பு பாலித்தீன் தாளை விரிக்கச் சொல்வார்கள், காசுக்குக் கேடு, ஊசி முனையால் அதையும் துளைத்துக்கொண்டு வந்துவிடும். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் கோரையோடு உங்கள் புல்லும் சேர்ந்து போகும்.

கேள்வி: பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் மண்டிக்கிடக்கிறது, விதை என் தோட்டத்திலும் விழுந்து முளைக்கிறது. பிடுங்கினால் கை அரிக்கிறது. என்ன செய்வது?
- வாசகர், ஓசூர்

பதில்: உப்புக்கு வேலை இங்கேதான். மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து, பூப்பதற்கு முன் நல்ல வெயிலில் இலை நனையத் தெளியுங்கள். பயிர் வைக்காத இடத்துக்கு மட்டும்தான் இது. உங்கள் தோட்டத்தில் மழை பெய்து மண் இளகியதும், கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், ஆகவே பூ வருமுன் எடுப்பதுதான் முக்கியம். அப்புறம், இலையைக் கடித்துத் தின்னும் சின்ன வண்டுகள் அதில் தென்பட்டால் கொல்லாதீர்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து 1980-களில் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து விட்ட வண்டின் வம்சமாக இருக்கலாம்.