கண்வலிக்கிழங்கு விதையும் வேதியியல் பட்டப்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

மூலனூர்ப் பக்கத்திலிருந்து நீங்களும் உங்கள் துணைவியாரும் மகளை அழைத்துக்கொண்டு, அவள் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்கச் சென்ற வாரம் என்னிடம் வந்திருந்தீர்கள். இரண்டு முறை நீட் எழுதியும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில்கூட இடம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. அன்று நான் ஆறுதலாக நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் சொல்லியே ஆக வேண்டியதைச் சொல்லவில்லை என்ற உறுத்தல் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்லும் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு வேண்டாம். அங்கே படித்துத் திரும்பியவர்கள் இங்கு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறுகிறவர்கள் எழுதுகிறவர்களில் சிறுபான்மையினர்தான். அதன் பிறகு இங்கே பயிற்சிக்காலமும் முடித்துப் பதிவு செய்து முதல் சம்பளம் வாங்க ஆறாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை தோட்டத்துப் பத்திரம் வங்கியில் இருக்கும். சொந்தபந்தத்தில் "டாக்டர் வீடு" என்று பெயர் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். அந்தப் பெயருக்கு மாதாமாதம் வட்டி கட்டப்போவது நீங்கள். பிழைப்புக்கு இருக்கும் ஒரே நிலத்தை ஒரு படிப்புக்காக அடகு வைக்கச் சொல்லி நான் எந்தக் குடும்பத்துக்கும் ஆலோசனை சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். மூன்றாம் முறை நீட் எழுத வைப்பதையும் நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அவளே அதை விரும்பவில்லை.

அவள் விருப்பம் என்ன என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. தேர்வைப் பற்றிப் பேசிய முக்கால் மணி நேரமும் தலை குனிந்திருந்த பெண், தோட்டத்தில் என்ன பயிர் என்று நான் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்வலிக்கிழங்குச் செடியின் செங்காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாக அதில் போய் விழாது என்றும், அதனால் விடிந்ததும் பந்தல் பந்தலாகப் போய்த் தானும் அம்மாவும் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைப்பதாகவும் கையால் செய்து காட்டினாள். பிறகு ஒரு நோட்டைப் பிரித்தாள். பூவை வரைந்து அதன் கீழே, "வியாபாரி கொண்டுபோன பிறகு எங்கள் விதையை என்ன செய்கிறார்கள்?" என்று எழுதியிருந்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு துறை இருக்கிறது. அதற்கு இயற்கைப் பொருள் வேதியியல் என்று பெயர்.

அந்த விதையைப் பொடித்து, முதலில் எண்ணெயைக் கரைத்து நீக்கி, பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். அந்தச் சாற்றைக் குறைந்த அழுத்தத்தில் சுண்டவைத்து, வெவ்வேறு கரைப்பான்களில் மாற்றி மாற்றிப் பிரித்தெடுத்தால் கடைசியில் வெளிர்மஞ்சள் படிகம் கிடைக்கும். அதுதான் கோல்கிசின். ஐரோப்பாவில் வேறொரு கிழங்குச் செடியிலிருந்து பெல்லெத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-இல் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தெடுத்தவர்களும் அவர்களே. கோல்கிசினுக்குள் ஏழு கார்பன் கொண்ட ஓர் அபூர்வ வளையம் இருக்கிறது என்பதை 1945-இல்தான் டியூவர் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஊகித்துச் சொன்னார். ஒரு மூலக்கூறின் வடிவம் புரிய 125 ஆண்டுகள் ஆயின.

கிழங்கு நஞ்சு என்பது உங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நஞ்சாவதற்கும் மருந்தாவதற்கும் காரணம் ஒன்றே. நம் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதம் சேர்ந்து நுண்ணிய குழாய்களாகிறது. செல் இரண்டாகப் பிரியவும், வெள்ளணுக்கள் இடம்பெயரவும் அந்தக் குழாய்கள் வேண்டும். கோல்கிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழாய் உருவாக விடாமல் தடுக்கிறது. அளவு மீறினால் உடலெங்கும் செல் பிரிவது நின்று உயிருக்கே ஆபத்தாகும். மில்லிகிராம் கணக்கில் கொடுத்தால், யூரிக் அமிலம் படிகமாகித் தங்கிய மூட்டுக்குள் வெள்ளணுக்கள் திரண்டு வருவது குறைந்து கவுட் வலி தணிகிறது. நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கோல்கிசினை, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அனுமதித்தது. இடுப்புப் பிடிப்புக்கு நம்மூர் மருத்துவர்கள் எழுதித் தரும் தயோகோல்கிகோசைடும் இதே செடியின் வேதிப்பொருளைச் சிறிது மாற்றிச் செய்ததுதான். மூலிகை என்றாலே தீங்கில்லை என்று பேசுகிறவர்களிடம் நான் கோபப்படுவதற்கு இந்தச் செடி ஒன்றே போதும்.

வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும் அந்த டியூபுலினைத்தான் தாக்குகிறது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிலும் சார்லஸ் பீரும் அது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று விலங்குகளில் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் போனதில் வின்பிளாஸ்டினும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. இதெல்லாம் வெளிநாட்டில்தானே என்று எண்ண வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1972-இல் விஸ்வநாதன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு காட்டு மரத்தில் காம்ப்டோதெசின் என்ற வேதிப்பொருள் இருப்பதைக் காட்டினார். அந்த மூலக்கூறை மாற்றியமைத்த இரு புற்றுநோய் மருந்துகள் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பெண் பிள்ளைக்கு ஆய்வகம் சரிப்படுமா என்று அம்மா கேட்டார்கள். நித்தியகல்யாணியின் வேதிப்பொருள்களை ஆராய்ந்த கொல்கத்தாவின் அசீமா சட்டர்ஜி 1944-இலேயே அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் களத்துக்கே வருவோம். விதையை நிழலில் உலர்த்துவது உங்கள் வழக்கம். ஒளி பட்டால் கோல்கிசின் லூமிகோல்கிசின் என்ற வேறு பொருளாக மாறுவது தெரிந்த செய்தி. வெயிலில் காய்ந்த விதையிலும் நிழலில் காய்ந்த விதையிலும் கோல்கிசின் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து பார்ப்பது ஒரு முதுநிலை மாணவி செய்யக்கூடிய ஆய்வு. விதையில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கு மட்டும் தெரிந்து, விளைவிக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் விலையை அவர் சொல்ல நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். இதை நான் சொல்லும் முன்பே உங்கள் மகள் புரிந்துவைத்திருந்தாள்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலை வேதியியல் சேருங்கள். கல்விக் கட்டணம் கிடையாது. மற்றக் கட்டணங்களைக் கட்ட நிலத்தை அடகு வைக்கத் தேவை இருக்காது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு அவளுக்குத் தகுதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே ஜாம் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினால் ஐ.ஐ.டி.யில் முதுநிலை படிக்கலாம்; கிடைக்காவிட்டால் நம் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அதன் பிறகு நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் லக்னோவின் மூலிகை, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்திலோ திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு மையத்திலோ முனைவர் பட்டத்துக்கு முயலலாம். மருந்து ஆலைகளிலும் சாறெடுக்கும் ஆலைகளிலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. பி.ஃபார்ம். வழியாகவும் இத்துறைக்கு வரலாம், ஆனால் தனியார் கல்லூரிச் செலவைப் பார்த்து உங்கள் குடும்பத்துக்கு அதை நான் முதலில் வைக்கவில்லை.

கடினமானதையும் மறைக்க மாட்டேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் சம்பளம் குறைவாகவே இருக்கும். முதுநிலை கட்டாயம் வேண்டும், ஆக ஐந்தாண்டு பொறுக்க வேண்டும். வேலையும் பொறுமையைச் சோதிக்கும். சிலிக்கா பூசிய தகட்டில் பென்சிலால் கோடு கிழித்து, சாற்றைப் புள்ளியாக வைத்து, கரைப்பான் மெல்ல மேலேறுவதைப் பார்த்து, புற ஊதா விளக்கின் கீழ் தெரியும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, சரியாக வராவிட்டால் கலவையை மாற்றி மறுபடி முதலிலிருந்து செய்வதாகவே பல நாள்கள் போகும். நாள் தவறாமல் விடிகாலையில் பூப்பூவாகத் தொட்டுப் பழகியவளுக்கு இது பாரமாக இராது என்பது என் கணிப்பு. சேர்ப்பதற்கு முன் கல்லூரி ஆய்வகத்தை அவளே போய்ப் பார்க்கட்டும். கருவிகளை மாணவர்கள் தொட விடுகிறார்களா, கண்ணாடிக்கு அப்பாலிருந்து காட்டுகிறார்களா என்று மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் கேட்கட்டும்.

விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்ப வையுங்கள். விண்ணப்பக் காலம் முடிந்திருந்தால் காலியிடச் சேர்க்கை எப்போது என்று கல்லூரியில் விசாரியுங்கள். மைத்துனரோடு பேச வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம், பத்திரமும் வீட்டிலேயே இருக்கட்டும்.