‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ கோழைத்தனமா?

கெட்டது செய்தவனுக்கே நல்லது செய்யச் சொல்வது பயந்து அடங்குவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் 5இல் ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்’ என்ற 314ஆம் குறளைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ‘ஒறுத்தல்’ என்றால் தண்டித்தல். வள்ளுவர் தண்டனையை விட்டுவிடவில்லை, அவன் நாணுவதே தண்டனை என்கிறார். என் கணக்குப் புத்தகத்தைக் கிழித்த பையன் ஒருநாள் பினாங்கு கொம்தாரில் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நின்றான், இரண்டு வெள்ளி கொடுத்தேன், ஆயர் ஈத்தாம் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் ‘விடல்’, அதுதான் கடினம். அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை இரண்டையும் மறப்பது என்கிறது பரிமேலழகர் உரை. கிழிந்த புத்தகத்தை மறந்துவிட்டேன்; அந்த இரண்டு வெள்ளியை மறப்பதுதான் எனக்கு இன்னும் வரவில்லை.